புதுச்சேரிக்கு வடக்கே கரையும் கடற்கரை: அரசிடம் கல் கேட்பதா, மணல் கேட்பதா?

கேள்வி: கரைவீட்டம்மா

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், விழுப்புரம் மாவட்டத்துக்குள் அடுத்தடுத்து வரும் மீனவக் கிராமங்களில் ஒன்றில் நானும் என் கணவரும் சிறியதொரு விருந்தினர் இல்லம் நடத்திவருகிறோம். இடத்தை வாங்கியபோது எங்கள் வேலிக்கும் அலைக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பும், அதற்கு அப்பால் படகுகளை ஏற்றி வைக்கும் மணல் மேடும் இருந்தன. மணல் மேடு இப்போது இல்லை. தோப்பில் மேற்கு ஓரத்து வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதிலும் சில மரங்களின் வேர்கள் முழுவதும் வெளியே தெரிய, மரம் கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. கடற்கரைக்கு இறங்குவதற்காக நாங்கள் கட்டிய சிமெண்டுப் படிகள் இன்று மணலைத் தொடவில்லை; கடைசிப் படிக்குக் கீழே ஒருவர் குனிந்து நுழைந்துவிடலாம் என்ற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது.

ஊரில் இப்போது இரண்டு கருத்துகள் இருக்கின்றன. விடுதி நடத்துவோரில் பெரும்பாலோர் தங்கள் மதிலுக்கு முன்னால் கருங்கல் கொட்டித் தடுப்புச் சுவர் வேண்டும் என்கிறார்கள். ஊர்க்காரர்களில் பலர் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு, வேண்டும் என்று கேட்கிறார்கள். கோரிக்கை மனுவோடு நாங்கள் போய்வந்த அலுவலகத்தில் ‘மதிப்பீடு மேலே போயிருக்கிறது’ என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. வரும் கிராம சபையில் இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றப்போவதாகச் சொல்கிறார்கள். கல் கொட்டினால் கடற்கரை திரும்ப வருமா, அல்லது கட்டடம் மட்டும்தான் தப்புமா? புதுச்சேரி காந்தி சிலைக்கு அருகே அண்மைக் காலத்தில் மணல் சேர்ந்திருக்கிறதே, அது எப்படி நடந்தது, அதையே எங்களுக்கும் செய்து தர முடியுமா? சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு மதில் தப்பி மணல் போய்விட்டால் பயன் ஒன்றுமில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

பதில்: பழைய பொறியாளர்

அம்மா, துறைமுகப் பணிகளில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, கல் சுவர் நிலத்தைக் காக்கும், கடற்கரையைக் காக்காது என்பதுதான். சரிவான மணற்பரப்பில் ஏறும் அலை தன் வேகத்தை இழந்து, கொண்டுவந்த மணலில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கும். செங்குத்தான கற்குவியலில் மோதும் அலையோ வந்த வேகத்தில் திரும்பி, சுவரின் அடியில் இருக்கும் மணலையும் பறித்துக்கொண்டு போகும். ஆகவே சுவர் கட்டிய சில ஆண்டுகளில் அதன் முன்னால் இருந்த மணல் மறைந்து, அடி ஆழமாகி, கற்களே சரிந்து உள்வாங்கும். மேலே மீண்டும் கல் கொட்ட வேண்டிவரும். சுவர் முடியும் இடத்துக்கு அடுத்துள்ள நிலத்தில் அரிப்பு இன்னும் கடுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் மணல் ஏன் போகிறது என்பதற்கான காரணம் உங்கள் ஊரில் இல்லை. கரையில் அலை நேராக மோதுவதில்லை, சாய்ந்து மோதுகிறது. அதனால் மணல் ஒவ்வோர் அலையிலும் சாய்வாக ஏறி நேராக இறங்கி, கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை இந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும் நடக்கிறது. வடக்கே போகும் அளவு மிகவும் கூடுதல் என்பதால், ஆண்டுக் கணக்கில் பல லட்சம் கன மீட்டர் மணல் உங்கள் ஊரைக் கடந்து வடக்கே போக வேண்டும், அதே அளவு தெற்கிலிருந்து வந்து சேரவும் வேண்டும். போவது போய்க்கொண்டே இருக்கிறது; வர வேண்டியதுதான் நின்றுவிட்டது.

அது நின்ற இடம் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அங்கே இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குச் சுவரில் தேங்கி, அந்தப் பக்கத்துக் கரை அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே நகரத்துக் கடற்கரை தேய்ந்தது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டுமானம் முழுமையாக முடிந்தது, மணலை வடக்கே கொண்டுபோகும் வேலை மட்டும் ஒழுங்காகத் தொடரவில்லை. கடற்கரைச் சாலையைக் காப்பாற்ற நீளம் முழுவதும் கருங்கல் கொட்டினார்கள். சாலை தப்பியது, அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கும் கல் கொட்டினார்கள், அது அதற்கடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. இப்படி நகர்ந்து நகர்ந்துதான் மாநில எல்லையைத் தாண்டி உங்கள் வேலிக்கு வந்திருக்கிறது. தலைமடையில் வாய்க்காலை மறித்துவிட்டுக் கடைமடைக்காரன் தன் வரப்பை உயர்த்திக்கொள்ளட்டும் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. சென்னைத் துறைமுகம் 1870களில் கட்டத் தொடங்கப்பட்டபோது இதே கதைதான் நடந்தது. இன்று மெரினாவில் நாம் காற்று வாங்க உட்காரும் அகன்ற மணற்பரப்பின் பெரும்பகுதி துறைமுகச் சுவருக்குத் தெற்கே தேங்கியது; வடக்கே இராயபுரம், காசிமேடு பக்கம் கரை போயிற்று, இன்று எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கல் சுவராகவே இருக்கிறது. நம் மாநிலத்தின் மிகப் புகழ்பெற்ற சுற்றுலாக் கடற்கரையும் அதன் மிகக் கடுமையான கடலரிப்பும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு பக்கங்கள். புதுச்சேரியிலும் அப்படித்தான்: தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற ஈடன் கடற்கரை இருக்கும் சின்ன வீராம்பட்டினம் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது, கல் கொட்டிய கரையெல்லாம் வடக்கே இருக்கிறது.

காந்தி சிலைப் பகுதியைக் கேட்டிருந்தீர்கள். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள், ஆப்பு வடிவில் ஏறத்தாழ 900 டன் எடையுள்ள எஃகுப் பெட்டகம் ஒன்றை 2018இல் இறக்கி, நீருக்குள் மூழ்கிய திட்டு ஒன்றை உருவாக்கியது. அலை அந்தத் திட்டின் மேல் உடைந்து வலுவிழந்து கரைக்கு வருவதால், அதன் மறைவில் மணல் தங்குகிறது. அதோடு, முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. இரண்டும் சேர்ந்துதான் மணலைக் கொண்டுவந்தன. திட்டை மட்டும் இறக்கி மணல் கொட்டாமல் இருந்திருந்தால், அங்கே தங்கும் மணல் உங்களுக்கு வர வேண்டிய மணலிலிருந்து பிடித்துக்கொண்டதாகவே இருந்திருக்கும். சிறிய ஊர்களுக்கும் இப்படிச் செய்ய முடியாது என்பதில்லை. கல்பாக்கம் பக்கத்தில் கடலூர் பெரியகுப்பம் என்ற ஊரில் (தென்னார்க்காட்டுக் கடலூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அதே நிறுவனம், மணல் நிரப்பிய பெரிய செயற்கையிழைக் குழாய்களைக் கடலுக்குள் வரிசையாக இட்டு, மூழ்கிய தடுப்பு ஒன்றை அமைத்திருக்கிறது. ஆனால் எந்தத் தடுப்பும் மணலை உண்டாக்காது, வரும் மணலைத் தங்க வைக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துறைமுகச் சுவர் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் அல்ல. தென்பெண்ணை போன்ற ஆறுகள் முன்பு கொண்டுவந்த மணலில் பெரும்பகுதி அணைகளிலும் மணல் குவாரிகளிலும் நின்றுவிடுகிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்ததில், இந்தியப் பெருநிலக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது; தமிழ்நாட்டுக்கு அந்த அளவு 42.7 விழுக்காடு, புதுச்சேரிக்கு 56.2 விழுக்காடு.

பதில்: வடக்குக்குப்பத்தான்

அக்கா, உங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் குப்பத்தைச் சேர்ந்தவன் நான். ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் ஆட்கள் ஏன் தூண்டில் வளைவு கேட்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. தூண்டில் வளைவு போட்ட ஊரில் அதன் தெற்குப் பக்கம் மணல் ஏறுவதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். முன்வரிசையில் வீட்டை இழந்த குடும்பம் அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கும்போது, ‘வேண்டாம், அது அறிவியல்படி தவறு’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மணலை எடுத்து வடக்கே கொட்டும் திட்டம் என்பது எங்கள் காதில் விழுந்து எத்தனையோ காலம் ஆகிறது. கல் லாரி மட்டும்தான் இதுவரை உண்மையில் ஊருக்குள் வந்திருக்கிறது. வருவதைக் கேட்பதுதானே மனித இயல்பு?

ஆனாலும் கல்லால் எங்களுக்கு வரும் கேட்டை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். ஃபைபர் படகை அலையின் முதுகில் ஏற்றி ஒரே மூச்சில் கொண்டுவந்து மணலில் ஏற்றுவோம். அதற்கு அகலமான, சரிவான, கல் இல்லாத கரை வேண்டும். சுவரிலிருந்து உருண்டு நீருக்குள் கிடக்கும் கல் வெளியே தெரியாது. எஞ்சின் விசிறி அதில் பட்டால் படகு திரும்பி அலைக்குக் குறுக்காக நின்றுவிடும், அந்த நேரத்தில் அடுத்த அலை வந்தால் படகு கவிழும். கரைவலை இழுக்க இரண்டு கயிறுகளுக்கும் நடுவே நீண்ட திறந்த கரை வேண்டும் என்பதால், தூண்டில் வளைவு வந்த ஊர்களில் அந்தத் தொழிலே முடிந்துவிட்டது. மீனை ஏலம் விடுவதும், கருவாடு காயப்போடுவதும், வலையை விரித்துப் பொத்தல் பார்ப்பதும் மணலில்தான். படகை நிறுத்த வேறு துறைக்குப் போனால் டீசல் செலவு கூடுகிறது, பெண்கள் மீன் எடுக்க ஆட்டோ பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. சுற்றுலாவுக்கு மட்டும்தான் கடற்கரை வேண்டும் என்பதுபோல அரசாங்கத்துத் தாள்களில் எழுதுகிறார்கள். எங்களுக்கு அதுதான் பணியிடம்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வந்தால் அடுத்துத் தேயப்போவது எங்கள் ஊர். அதற்கும் மேல், மணல் சேர்ந்த இடங்களில் நடந்ததையும் பார்த்துவிட்டோம்: முந்தின வருஷம்வரை படகு கிடந்த இடத்தில் ஏதோ ஒரு விடுதியார் சாய்வு நாற்காலி போட்டு, கயிறு கட்டி, எங்கள் பையன்களை ‘இந்தப் பக்கம் வராதே’ என்று விரட்டினார்கள். விடுதிக்காரர்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மணல் திரும்ப வந்தால் அது யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் எங்கள் பஞ்சாயத்தார் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: கரைவீட்டம்மா

தம்பி, நீங்கள் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. எங்கள் ஊரிலும் ஒருவர் மதிலைக் கடல் பக்கம் தள்ளிக் கட்டியதும், அறையிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாலிருந்த மணல் மேட்டை இயந்திரம் வைத்துச் சமன் செய்ததும் உண்மை. அந்த மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் மண்டிக் கிடந்தன. அவை போன பிறகு காற்றுக் காலத்தில் மணல் எங்கள் சமையலறைக்குள் பறந்து வந்ததே தவிரக் கரையில் நிற்கவில்லை.

பொறியாளர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு எனக்கு ஒரு குழப்பம். மணல் தேங்குவது ஒன்றிய ஆட்சிப் பகுதியான புதுச்சேரியில், தேய்வது தமிழ்நாட்டில். எங்கள் மனு மாவட்ட ஆட்சியரிடம்தான் போகும். அவருக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் இருக்கும் மணலை அவரால் எப்படிக் கொண்டுவர முடியும்? இப்படி இரண்டு அரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கடற்கரை வேறு எங்காவது மீண்டிருக்கிறதா?

பதில்: கோல்ட் கோஸ்ட் தமிழன்

மீண்டிருக்கிறது, நான் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் ட்வீட் என்ற ஆறு கடலில் கலக்கிறது. அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. படகுகள் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று 1960களின் முற்பகுதியில் தெற்கு மாநிலத்தின் பக்கம் முகத்துவாரச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கு மாநிலத்தில், பெயர்பெற்ற சுற்றுலாக் கரையான கோல்ட் கோஸ்டின் தென்பகுதிக் கடற்கரைகள் மணலின்றி மெலிந்தன. 1967இல் அடுத்தடுத்து வந்த புயல்களில் கடலோரச் சாலைகளும் வீடுகளும் அடிவாங்கின. சுவர் ஒரு மாநிலத்தில், சேதம் இன்னொன்றில்: உங்கள் நிலைமையேதான்.

கல் சுவர், தூண்டில் வளைவு, அவ்வப்போது கப்பலில் கொண்டுவந்த மணல் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு, இரு மாநிலங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்து, நியூ சவுத் வேல்ஸ் 1995இலும் குயின்ஸ்லாந்து 1998இலும் அதைச் சட்டமாகவே இயற்றின. செலவை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், மணலின் இயற்கையான ஓட்டம் எவ்வளவோ அவ்வளவையும் ஆண்டுதோறும் வடக்கே கொண்டுபோக வேண்டும் என்பது அதன் சாரம். 2001 முதல், ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு பாலத்திலிருந்து தாரைப் பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் பதித்த குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கன மீட்டர்.  குழாய் முனையில் கரும்பழுப்பு நீராக மணல் வந்து விழுவதைப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகள் சாக்கடை என்று நினைத்து முகம் சுளிப்பதும் உண்டு.

எல்லாம் நலமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்க ஆண்டுகளில் பழைய பாக்கியைத் தீர்ப்பதுபோல அளவுக்கு மீறி மணல் கொட்டியதால், கிர்ரா என்ற கடற்கரை மிகவும் அகலமாகி, கடலுக்குப் போக வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டியதாயிற்று. அங்கே உலகப் புகழ் பெற்றிருந்த சறுக்கு அலையும் கெட்டுவிட்டது. அருகே ஸ்னாப்பர் பாறைப் பகுதியில் அதே மணலால் மிக நீண்ட புதிய அலை உருவாகிச் சறுக்கு வீரர்கள் கொண்டாடினார்கள், கிர்ராக்காரர்கள் புலம்பினார்கள். புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பத்தில் அலைச் சறுக்குக்காக வரும் கூட்டத்தை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மணலை எங்கே, எந்த மாதத்தில் கொட்டுவது என்பதும் பேச வேண்டிய விஷயம். 2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் வந்தபோது, இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் இங்கே கடற்கரைகள் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டுண்டன. ஆனால் அந்த மணல் கரைக்கு அருகே கடலுக்குள் திட்டாகக் கிடந்தது, தெற்கிலிருந்து வரும் வரத்தும் நிற்கவில்லை என்பதால், மீட்க ஏதோ ஒன்று கையில் இருந்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தார் சுவருக்குத் தெற்கே சேரும் மணலைத் தூர்வாரி ராமகிருஷ்ணா கடற்கரைக்கு ஊட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே இது வெள்ளைக்காரர் நாட்டுக்கு மட்டும் கட்டுப்படியாகும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதில்: கல்கிசைவாசி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மணல் கேட்பது என்று முடிவெடுத்தால், எந்த மணல், எப்போது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எங்களுடைய அனுபவம் அதைத்தான் சொல்கிறது. 2020இல் கொழும்புக்கு அருகே கல்கிசைக் (மவுண்ட் லவினியா) கடற்கரையில் ஆழ்கடலிலிருந்து எடுத்த மணலை இறைத்து அகலமாக்கினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்குச் சற்று முன்பாக அந்த வேலை நடந்தபடியால், சில வாரங்களுக்குள்ளேயே மணலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, மக்கள் பணத்தைக் கடலில் கொட்டினார்கள் என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. கொட்டிய மணல் கடலுக்கு அடியில் பரவிச் சரிவை அமைத்துக்கொள்வது இயல்புதான் என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். அது முழுவதும் பிழையான விளக்கம் அல்ல. ஆனால் அதை வேலை தொடங்குவதற்கு முதலே மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

களுத்துறையில் கலிடோ கடற்கரையின் கதை இன்னும் வேறு. 2017 மே மாத வெள்ளத்தின்போது, தண்ணீர் வடிவதற்காகக் களு கங்கையின் வாயில் இருந்த மணல் திடலை வெட்டிவிட்டார்கள். வெள்ளம் வடிந்தது, ஆனால் வெட்டிய வாய் மூடவில்லை. ஆறு அந்த வழியாலேயே கடலுக்குப் போகத் தொடங்க, நகரத்தின் பொழுதுபோக்கு இடமாக இருந்த மணல் திடல் தேய்ந்துபோயிற்று. ஓர் இரவில் எடுத்த முடிவைத் திருத்துவதற்குப் பல வருடங்களாகக் கல்லும் மணலும் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உல்லாசப் பயணத்துறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம், தென்பகுதியில் ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல்லை (பவளப்பாறையை) வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலத்தில், அலையை உடைத்துக்கொண்டிருந்த இயற்கை அரணே போய்விட்டது. 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1988 திருத்தத்தில் முருகைக்கல் அகழ்வது தடை செய்யப்பட்டது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்ற விதியும் கரைக்குக் கரை வேறுபட்டு நடைமுறையில் இருக்கிறது. தள்ளிக் கட்டிய விடுதிக்குக் கடல் உள்ளே வந்தாலும் பின்வாங்க இடம் இருக்கும். அலையின் காலடியில் நீச்சல் தடாகம் கட்டியவர்தான் முதலில் கல்லுக்கு அலைகிறார்.

பதில்: பழைய பொறியாளர்

கல்கிசை அன்பர் சொன்னதில் மணலின் பருமன் பற்றியும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். உங்கள் கரையில் இயல்பாக இருக்கும் மணலைவிட நுண்ணிய மணலைக் கொட்டினால் அது முதல் பருவத்திலேயே போய்விடும். அதே பருமனோ சற்றுப் பருமனானதோ வேண்டும். துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கிக் கிடப்பது உங்கள் கரைக்கே வந்திருக்க வேண்டிய மணல் என்பதால் அந்தக் கவலை அங்கே குறைவு. முகத்துவாரத்தின் உள்ளே தூர்வாரும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மணல் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகார எல்லை பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாவட்ட ஆட்சியரால் புதுச்சேரி மணலைக் கொண்டுவர முடியாதுதான். ஆகவே தீர்மானத்தை அவரோடு நிறுத்தாமல், தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும், புதுச்சேரியின் அதே ஆணையத்துக்கும், ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் ஒருசேர அனுப்ப வேண்டும். கடைசி இரண்டும் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதோடு, புதுச்சேரியில் திட்டை இறக்கிய நிறுவனமே புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அரிப்புத் தடுப்புப் பணிகளுக்கும் அறிவியல் ஆய்வும் அனுமதியும் தேவை. மதிப்பீடு மேலே போயிருக்கிறது என்று சொன்ன அலுவலகத்திடம் அந்த ஆய்வின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். உங்கள் ஊருக்குக் கட்டப்போகும் கல் வடக்குக் குப்பத்தை என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆய்வில் ஒரு பத்திகூட இல்லையென்றால் அது ஆய்வே அல்ல.

மணல் வரும்வரை வீடுகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. தம்பி அதைச் சரியாகவே சுட்டினார். குடியிருப்பு உடனடி ஆபத்தில் இருக்கும் இடத்தில் தற்காலிகமாக மணல் நிரப்பிய செயற்கையிழைப் பைகளை அடுக்கலாம். வேண்டாதபோது கிழித்து அகற்றிவிடலாம், படகையும் உடைக்காது. தூண்டில் வளைவுதான் வேண்டும் என்று ஊர் பிடிவாதமாக இருந்தால், குட்டையானவையாகவும், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிகளைக் கட்டும்போதே வெளியிலிருந்து கொண்டுவந்த மணலால் நிரப்பித் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். இடைவெளி முன்கூட்டியே நிரம்பியிருந்தால் வடக்கே போகும் மணல் அதிகம் தடைப்படாது. இந்த ஒரு செலவைத்தான் ஒப்பந்தங்களில் முதலில் வெட்டுகிறார்கள்.

நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கடலிலிருந்து விலகி நிற்கும் ஒரு மின்கம்பத்தையோ கோயில் சுவரையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஈர மணல் தொடங்கும் கோடு வரை நாடாவால் அளந்து, மாதந்தோறும் பௌர்ணமியன்று ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து எடுத்த படத்தோடு குறித்து வையுங்கள். நம் கரை மழைக்காலத்தில் குறுகி, கோடையில் ஓரளவு திரும்பி வரும்; டிசம்பரில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினால் அது பருவ மாற்றம் என்று தள்ளிவிடுவார்கள். ஏப்ரலுக்கு ஏப்ரல் ஒப்பிட்டுக் காட்டினால் தள்ள முடியாது. விடுதிக்காரர்களும் மீனவர்களும் அருகருகே நின்று அளந்த அளவாக இருந்தால் அதன் மதிப்பு இன்னும் கூடும்.

கேள்வி கேட்டவர்: கரைவீட்டம்மா

மிக்க நன்றி ஐயா. தீர்மானத்தின் வரைவை எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு அரசுகளும் சேர்ந்து ஆண்டுதோறும் மணலை வடக்கே கொண்டுவரும் ஒப்பந்தம் என்பதை முதல் கோரிக்கையாகவும், அதுவரை குடியிருப்புப் பகுதிக்கு மட்டும் தற்காலிகப் பைகள் என்பதை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறேன். விடுதிகளின் மதிலுக்குக் கல் என்ற வரியை எடுத்துவிட்டேன். அதற்காக எங்கள் சங்கத்தில் சிலர் என்னோடு பேசுவதில்லை. வடக்குக்குப்பத்துத் தம்பி, உங்கள் பஞ்சாயத்தாரும் இதே தீர்மானத்தைத் தங்கள் பக்கத்தில் நிறைவேற்றுவார்களா?

பதில்: வடக்குக்குப்பத்தான்

கேட்டுவிட்டேன் அக்கா. திரும்ப வரும் மணல் முழுவதும் ஊர்ப் பொது நிலம், அதில் படகு ஏற்றவும் வலை காயப்போடவும் யாரும் தடை சொல்லக் கூடாது, எந்த விடுதியும் வேலியோ கயிறோ கட்டக் கூடாது என்ற வரி மூன்றாவது கோரிக்கையாக இருந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார்கள். அந்த வரியில் உங்கள் விடுதிச் சங்கத்தாரின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அளக்கும் வேலைக்கு எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மாரியம்மன் கோயில் பின்சுவரை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், அது கரையிலிருந்து போதுமான தூரத்தில் இருக்கிறது.